வராத வண்டி, வராத வீடு

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொன்னார்கள். தினமும் மாலை ஆறரை மணிக்கு அவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவார். சர்க்கரை லேசாக எட்டிப் பார்க்கிறது, அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளம்பும்போது கையில் ஒரு கறுப்புப் பை இருக்கும். திரும்பும்போது இருக்காது. டாக்டர் சொன்ன அரை மணி நேரம் அவருக்கு நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். தெருக்கோடியிலிருந்த காலி மனை அவ்வளவு பக்கத்தில் அமைந்தது அவருடைய குற்றமல்ல.

வீட்டில் அந்தப் பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவருடைய மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்ததும் சமையலறையை ஒழித்து, பையை வாசற்படியோரம் வைத்துவிட்டு, "நடந்துட்டு வர்றதுதானே?" என்பார். அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

கண்ணாடிக்காரர் தன்னைக் குப்பை எறிகிற ஆளாக ஒருநாளும் நினைத்ததில்லை. எறிவது என்றால் எதிர்வீட்டுக்காரர் செய்வது. ஸ்கூட்டரை நிறுத்தாமலே பந்து வீசுவதுபோல் பையை வீசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போவார். பை பாதி வழியிலேயே வாயைத் திறந்துவிடும். கண்ணாடிக்காரர் அப்படியா? இரட்டை முடிச்சுப் போட்ட பையை, குனிந்து, ஓரமாக, பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல் இறக்கிவைப்பார். மற்றவர்கள் எறிந்தார்கள், அவர் வைத்தார். இந்த வித்தியாசத்தில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேறு வழியும் இல்லை. குப்பை வண்டி வருவது நின்று நாலு வருடமாகிவிட்டது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். குடியிருப்போர் நலச் சங்கம் மாதந்தவறாமல் கூடி, "குப்பை வண்டி வராமையை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது" என்று தீர்மானம் போட்டு நகராட்சிக்கு அனுப்பிவந்தது. தீர்மானங்களை எழுதிக் கொடுப்பது கண்ணாடிக்காரர்தான். மனு எழுதுவதில் அவருக்குக் கைராசி உண்டு என்று பேர். ஒவ்வொரு முறையும் நகராட்சியிலிருந்து, "தங்கள் தெருவுக்கு வண்டி நாள்தோறும் வந்து செல்கிறது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். செயலாளர் அதை ஏற்ற இறக்கத்தோடு கூட்டத்தில் வாசிப்பார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! வராத வண்டியை வருதுன்னு கூசாம எழுதறான்" என்பார் தலைவர்.

சிரித்து முடித்ததும் அடுத்த கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். இப்படி நாற்பத்தாறு தீர்மானங்கள் ஆகியிருந்தன.

அந்த நாலு வருடத்தில் காலி மனையில் ஒரு குன்று எழும்பிவிட்டது. அதை ஒட்டிய பதினேழாம் எண் வீட்டில் ஒரு நர்ஸ் தன் மகளோடு வாடகைக்கு இருந்தார். காற்று எப்போதும் அந்த வீட்டுப் பக்கமே அடிக்கும். நாற்றம் தாங்காமல் அவர் சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். வாடகைதாரர்கள் உறுப்பினராக முடியாது என்றும், உறுப்பினர் அல்லாதவருக்கு அடிக்கும் நாற்றத்தைச் சங்கம் முகர்வதற்கு விதிகளில் இடமில்லை என்றும் அவருக்குப் பதில் போயிற்று. அந்தப் பதிலின் வாக்கியங்களை இழைத்துக் கொடுத்ததும் கண்ணாடிக்காரர்தான். "முகர்வதற்கு" என்ற சொல் நன்றாக விழுந்திருக்கிறது என்று செயலாளர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

பிறகு ஒரு வாரம் காற்று திசை மாறியது. தலைவர் வீட்டு மாடிக்கு நேராக அடித்தது. அந்த வாரம் பார்த்துத் தலைவரின் சம்பந்தி வந்து தங்கியிருந்தார். காலையில் மாடி வராந்தாவில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவர், அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, "ஏன் சம்பந்தி, இங்க ஏதாவது தொழிற்சாலை இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாளே அவசரப் பொதுக்கூட்டம் கூடியது.

தலைவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடம்தான் சங்கக் கூடம். அவசரக் கூட்டம் என்றாலும் வரவேற்புரை, முன்னிலையுரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் உண்டு. அவசரத்துக்கு இத்தனை உரை எதற்கு என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் நன்றியுரை அவருடையது. அதனால் பேசாமல் இருந்துவிட்டார்.

தலைவர் எழுந்தார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முப்பத்து மூணு வருஷம் தராசைப் பிடிச்ச கை இது. ஒரு கிராம் குறைய விட்டதில்லை. அப்படிப்பட்டவன் குடியிருக்கிற தெருவுல குப்பைமேடு! யாரோ வெளியாளுங்க வந்து கொட்டிட்டுப் போறாங்க. நம்ம ஆளுங்க கொட்ட மாட்டாங்க. ஏன்னா நம்ம ஆளுங்களை எனக்குத் தெரியும்."

கூடியிருந்த இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவர்கூட நடித்ததாகச் சொல்ல முடியாது. வெளியாட்கள் மீது எல்லோருக்கும் உண்மையாகவே கோபம் வந்தது.

"அப்போ நம்ம வீட்டுக் குப்பையெல்லாம் எங்க போகுதாம்?" என்று பக்கத்திலிருந்த மனைவி கண்ணாடிக்காரர் காதோரம் முணுமுணுத்தார்.

"சும்மா இரு. கூட்டம் நடக்குது" என்றார் கண்ணாடிக்காரர்.

அடுத்துச் செயலாளர் பேசினார். சுய முன்னேற்ற வகுப்புகள் நடத்துகிறவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுவது எப்படி என்பது அவருடைய புகழ்பெற்ற வகுப்பு.

"நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவனை யாரும் ஏமாத்த முடியாது. அது என் அனுபவம். ஆனா எல்லாரும் என்னை மாதிரி விழிப்போட இருக்க முடியாதே! அதனால ஒரு கேமரா வைப்போம். கேமரா பொய் சொல்லாது."

கண்காணிப்புக் குழு அமைந்தது. அதற்கு அமைப்பாளர் யார் என்ற கேள்வி எழுந்தபோது தலைவரின் பார்வை நேராகக் கண்ணாடிக்காரர் மேல் விழுந்தது.

"இவர்தான் சரி. கேமராவும் கண்ணாடிதானே?"

எல்லோரும் கைதட்டினார்கள். மறுப்பதற்காக எழுந்த கண்ணாடிக்காரர், எழுந்த வேகத்தில் நன்றியுரையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவுக்குத் திறப்பு விழா நடந்தது. விளக்குக் கம்பத்தில் காலி மனையை நோக்கிப் பொருத்தியிருந்த கேமராவின் கழுத்தில் நாடா கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தலைவர் மேலே ஏறி நாடாவை வெட்டினார். ஏறியதே ஏறினோம் என்று கேமராவைப் பார்த்து இருபது நிமிடம் பேசினார். அதில் படம் மட்டும்தான் பதிவாகும், பேச்சு பதிவாகாது என்பதை அவரிடம் சொல்லக் கீழே நின்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

முதல் இரண்டு நாள் குன்று ஓர் அங்குலம்கூட வளரவில்லை. சங்கம் மகிழ்ந்தது. வீடுகளுக்குள்தான் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மாலை கண்ணாடிக்காரர் வீட்டு வாசற்படியோரம் மூன்று பைகள் நின்றன.

"நடந்துட்டு வர்றதுதானே?" என்றார் மனைவி.

"கேமரா இருக்கே!"

"நீங்கதானே அமைப்பாளர்? அது எந்தப் பக்கம் பார்க்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரு மணி நேரம் யோசித்த பிறகு கண்ணாடிக்காரர் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். இரண்டு கையிலும் பைகளோடு கேட்டைத் திறந்தபோது, எதிர்வீட்டுக்காரர் விரித்த குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் தெரு நடுவில் மோதிக்கொள்ளப் பார்த்தார்கள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றது குடை.

"ஆமாமா, எப்ப வேணும்னாலும் கொட்டும்" என்றது ஹெல்மெட்.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒருவருக்கொருவர் வழிவிட்டு, மரியாதையாக ஒருவர் பின் ஒருவராகக் காலி மனைக்குப் போனார்கள்.

ஒரு மாதம் போயிற்று. மனையில் ஆள் நடமாடும்போது மட்டும் பதிவான படத்தைப் பார்த்துக் குற்றவாளிகளைப் பட்டியல் போடுவது அமைப்பாளரின் வேலை. ஒரு பகல் முழுக்கக் கடையின் உள்ளறையில், கண் பரிசோதனை எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து கண்ணாடிக்காரர் படத்தைப் பார்த்தார். வெளியாள் ஒருவன்கூட வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் பத்தொன்பது வருடமாகப் பார்த்துப் பழகிய மனிதர்களுக்கு முகம் என்பது கொசுறுதான்.

பொருளாளர் குழந்தைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தள்ளுவண்டியில் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது குப்பைப் பை. அந்த வண்டியில் படுத்திருந்த குழந்தை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். செயலாளர் முகம் தெரியக்கூடாது என்று பின்புறமாகவே நடந்துவந்தார். காலை எட்டேகாலுக்குக் கசங்கிய பைஜாமாவும் தூங்கி எழுந்த தலையுமாக வந்து, ஒரு கல் தடுக்கிக் குன்றின் மேலேயே உட்கார்ந்து எழுந்து போனார். இன்னொருவர் செய்தித்தாளில் இரண்டு ஓட்டை போட்டு முகத்தில் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் பையை எறிவதற்கு முன் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, மேலும் கீழும் இரண்டு தடவை அசைத்து, எடை பார்த்தார். முப்பத்து மூன்று வருடப் பழக்கம் எங்கே போகும்!

கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். அடுத்து, மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒருவன் வந்தான். மழையில்லாத தெருவில் தோளைக் குறுக்கிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருட்டு முழி முழித்தான். முழி தெரியவில்லை; ஆனால் முழிப்பது தெரிந்தது. பைகளை இறக்கினான். பிறகு, வழுக்கும் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட விரலை உயர்த்தி, ஹெல்மெட்டின் முகப்பில் முட்டிக்கொண்டான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாரே, அது எங்கேயுமே தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் வீசியதற்கும் இவர் வைத்ததற்கும் படத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

அன்று மாலையே தலைவரைப் போய்ப் பார்த்தார்.

"வெளியாள் யாரும் இல்லைங்க. இதைக் கூட்டத்துல போட வேண்டாம்."

"படம் தெளிவா இருக்கா?"

"ரொம்பத் தெளிவு."

தலைவர் லேசாக இருமினார். "முகம்?"

"எல்லாரும் மறைச்சிட்டுத்தான் வர்றாங்க."

"அப்போ போடுங்க!" என்றார் தலைவர், மார்பு நிமிர. "ஒளிவுமறைவே இருக்கக்கூடாது. அதான் என் கொள்கை."

படம் போட்ட அன்று தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். முதல் இருபது நிமிடம், திரை முழுக்கத் தலைவரின் முகம் சத்தமில்லாமல் வாயசைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கூடத்தில் பிஸ்கட் கடிக்கும் ஓசை மெல்ல மெல்ல அடங்கியது. அடுத்தவர் வரும்போது அடையாளம் தெரிந்து சிரிப்பவர்கள், அதற்கடுத்துத் தாங்களே வந்ததும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அம்மா! என்னோட தள்ளுவண்டி!" என்று பொருளாளரின் மகள் கூவினாள். பொருளாளர் ஒரு முழு பிஸ்கட்டை அவள் வாயில் திணித்தார்.

"உங்க முறை வருது" என்று மனைவி முணுமுணுத்தார். ஹெல்மெட் வந்தது. விரல் போய் முட்டியது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட விரலைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, காதைச் சொறிந்துகொண்டார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"படத்துல வந்தவங்க யாருன்னு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சா, அது நம்ம ஒற்றுமைக்கு நல்லதில்லை. நான் இதை வேற கோணத்துல பாக்கறேன். இந்தத் தெருவுல இருபத்து நாலு வீடு. வந்தது இருபத்து மூணு... இருபத்து மூணு உருவம்னு வச்சுக்குவோம். அப்போ வராதது எது?"

கூட்டம் யோசித்தது.

"பதினேழாம் நம்பர்!" என்றார் செயலாளர்.

"அதேதான். ஒரு மாசத்துல ஒரு தடவைகூடக் கேமராவுல வரலை. ஒரு குடும்பம்னா குப்பை இல்லாம இருக்குமா? கேமராவுக்கே தெரியாம கொட்டத் தெரிஞ்சவங்கன்னா, எத்தனை வருஷம் பழகின கையா இருக்கணும்!"

கூடமே பெருமூச்சு விட்டது. அவ்வளவு பெரிய நிம்மதியை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. பதினேழாம் எண் வீட்டுக்காரி ஏழு நாளைக்குள் தன் குப்பைக்கு விளக்கம் தர வேண்டும், தவறினால் வெளியூரிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதி வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்று தீர்மானமாயிற்று. நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது கண்காணிப்புக் குழுவின் அமைப்பாளர்.

சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்காரர் போனார். அந்த வீட்டு வாசலில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. கதவு திறக்கும் முன்பே நாற்றம் அவர் தொண்டையைப் பிடித்தது. நர்ஸ் வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து உட்காரச் சொன்னார். ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் துணியைச் சுருட்டித் திணித்து, மேலே டேப் ஒட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியே குன்று தெரிந்தது. அதன் மேல் இரட்டை முடிச்சுப் போட்ட கறுப்புப் பை ஒன்று, இந்த வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுக் குப்பையை என்னம்மா பண்றீங்க?"

"வண்டியில போடறேன் சார்."

"எந்த வண்டியில?"

"குப்பை வண்டியிலதான்."

"அதுதான் நாலு வருஷமா வர்றதில்லையே!"

நர்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தினமும் வருதே சார். காலையில ஆறு பத்துக்கு. நைட் டியூட்டி முடிஞ்சு நான் பஸ்ஸை விட்டு இறங்கற நேரம் சரியா வரும். டியூட்டி இல்லாத நாள்ல பொண்ணு போட்டுருவா."

"ஒரு சத்தமும் கேட்டதில்லையேம்மா?"

"முன்னெல்லாம் மணி அடிச்சுட்டு வருமாம். தூக்கம் கெடுதுன்னு இந்தத் தெருவுல இருந்து யாரோ மனு கொடுத்தாங்களாம். பழைய டிரைவர் சொன்னார். அவ்வளவு உருக்கமா எழுதியிருந்தாங்களாம், படிச்ச பெரிய அதிகாரிக்குக் கண்ணே கலங்கிருச்சாம். அன்னைக்கே மணியைக் கழட்டிட்டாங்க."

கண்ணாடிக்காரருக்கு அந்த மனுவின் முதல் வரி ஞாபகம் வந்தது. 'விடியற்காலை உறக்கமே உழைப்பவனின் ஒரே உடைமை.' எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்து ரசித்த வரி. மணி நின்று இரண்டு வாரம் கழித்து, "இப்பல்லாம் வண்டியே வர்றதில்லை போலிருக்கு" என்று கூட்டத்தில் எழுந்து முதலில் சொன்னதும் அவரேதான்.

"அது என்ன பேப்பர் சார்?"

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நர்ஸ் நின்றபடியே படித்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"நான் அங்க குப்பை போடலைன்னு வீட்டைக் காலி பண்ணச் சொல்றீங்களா?"

"அப்படி நேரடியா..." என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.

"பொண்ணோட ஸ்கூல் பக்கத்துல இருக்குன்னுதான் சார் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இங்க கிடக்கேன். இந்த வருஷம் அவளுக்குப் பெரிய பரீட்சை. அது முடியற வரைக்குமாவது விடச் சொல்லுங்க." கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "முகரறதுக்கு விதியில இடமில்லைன்னு முன்னாடி ஒரு லெட்டர் வந்துச்சு. அதை எழுதினவரு ஒரு நாள் இங்க வந்து உட்காரணும்னு நினைச்சேன்."

அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழாம் நாள் செயற்குழு கூடியது. வண்டி தினமும் வருகிறது என்று கண்ணாடிக்காரர் சொன்னதும் செயலாளர் துள்ளி எழுந்தார்.

"நாலு மணிக்கே எழுந்து தியானத்துல உட்கார்றவன் நான். ஆறு பத்துக்கு ஒரு வண்டி வந்தா எனக்குத் தெரியாதா?"

"எங்க உட்கார்ந்து பண்ணுவீங்க?" என்று பொருளாளர் கேட்டார்.

"படுக்கையிலதான். கண்ணை மூடி, போர்வையைப் போர்த்தி, எட்டு மணி வரைக்கும்."

"நாளைக்குக் காலையில எழுந்து வாசல்ல நின்னு பாத்துட்டாப் போச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "போய்ப் பாக்கறதுன்னாலே சந்தேகப்படறோம்னு அர்த்தம். வண்டி வரலைன்னு நாற்பத்தாறு தீர்மானம் போட்டிருக்கோம். இப்ப வருதுன்னா அந்த நாற்பத்தாறும் என்னாகும்? ஒரு வண்டிக்காக ஒரு சங்கத்தையே பொய்யாக்கறதா? நீங்க வீட்டுக்காரருக்குப் போற கடிதத்துல கையெழுத்தைப் போடுங்க."

கடிதம் அவர் முன்னால் வந்தது. பேனாவும் வந்தது. கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை தள்ளிவிட்டுக்கொண்டார்.

"படத்துல ஹெல்மெட் போட்டுட்டு வந்தது நான்தான்" என்றார்.

தலைவரின் கை தானாகத் தன் முகத்தைத் தடவியது, செய்தித்தாள் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"நாலு வருஷமா நான்தான் போட்டேன். அந்தம்மா ஒரு நாள்கூடப் போடலை. குற்றவாளி வேணும்னா என்னை எழுதிக்குங்க."

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் மனதின் ஒரு மூலையில் ஒரு சின்ன ஆசை இருந்தது. ஒருவர் எழுந்தார். செயலாளர்.

"பாத்தீங்களா! கேமரா பொய் சொல்லாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்!"

அதற்கப்புறம் கூடத்தில் உற்சாகம் கரை புரண்டது. ஒரு குற்றவாளி, அதுவும் கேட்காமலே, அதுவும் ஒப்புதலோடு! பொருளாளர் எல்லோருக்கும் இன்னொரு சுற்றுத் தேநீர் சொன்னார்.

"முழுக் குன்றும் நீங்க ஒருத்தரா?" என்று தலைவர் வியப்போடு கேட்டார்.

"இல்லைங்க, நான் நாளுக்கு ஒரு பை..."

"குறைச்சுச் சொல்லாதீங்க. தன்னடக்கத்துக்கு இது நேரமில்லை."

அவரை அமைப்பாளர் பதவியிலிருந்து நீக்குவது, வன்மையாகக் கண்டிப்பது, இனி அந்த மனையில் அவர் எதையும் போடக்கூடாது என்று தடை விதிப்பது என்று முடிவாயிற்று. அப்போதுதான் ஒரு சிக்கல் முளைத்தது. கண்டனத் தீர்மானத்தைப் பிழையில்லாமல் எழுத வேறு ஆளில்லை.

"வழக்கம்போல நீங்களே எழுதிடுங்களேன்" என்றார் தலைவர், கொஞ்சம் அசடு வழிய.

"எழுதறேன். பதினேழாம் நம்பர் நோட்டீஸை வாபஸ் வாங்கினா எழுதறேன்."

நோட்டீஸ் அங்கேயே கிழிந்தது. கண்ணாடிக்காரர் உட்கார்ந்து தன்னைக் கண்டித்துத் தானே எழுதினார். அவர் எழுதியதிலேயே அதுதான் நன்றாக அமைந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். கடைசியில், குற்றவாளி பிடிபட்டுவிட்டதால் குன்றை நகராட்சி உடனே அள்ளிக்கொண்டு போகக் கோருவதாக ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். தீர்மானங்களை யாரும் படித்துப் பார்த்து வாக்களிப்பதில்லை. அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. எட்டே நாளில் பெரிய வண்டிகள் வந்து மனையை வழித்துக்கொண்டு போயின. அதைச் சங்கத்தின் சாதனை என்று தலைவர் பலகையில் எழுதிப் போட்டார்.

அது எட்டு நாள் கழித்து நடந்தது. கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்த கண்ணாடிக்காரர், நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி முதலில் சிரித்தார். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பையை முடிச்சுப் போட்டுக் கொடுத்தது நான். உங்க பேர் மட்டும்தானா?"

"உன்னையும் சேர்த்து எழுதியிருப்பேன். வாக்கியம் நீளமாப் போயிடும்னு விட்டுட்டேன்."

"சரி, அலாரம் வைங்க" என்றார் மனைவி. "அஞ்சே முக்காலுக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்கே கண்ணாடிக்காரர் கையில் பையோடு கேட்டருகே நின்றார். அந்த நேரத்தில் தன் தெரு எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. எல்லா வீட்டுத் திரையும் மூடியிருந்தது. செயலாளர் வீட்டிலிருந்து மட்டும் தியானம் பலமான குறட்டையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறு பத்துக்கு முனையில் வண்டி திரும்பியது. பூனை நடப்பதுபோல் ஓசையில்லாமல் வந்து, பதினேழாம் எண் வீட்டில் நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நர்ஸ் தன் பையைப் போட்டார். இவரைப் பார்த்தார். வெறுமனே தலையசைத்துவிட்டு உள்ளே போனார். வண்டி கிளம்பி, எந்த வீட்டிலும் நிற்காமல், இவரையும் தாண்டிப் போகப் பார்த்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கண்ணாடிக்காரர் செருப்பு ஒன்று கழன்று விழ, தெருவில் ஓடினார்.

டிரைவர் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பையை வாங்கிக்கொண்டு, அவரையும் அவருக்குப் பின்னாலிருந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன் சார். அந்த நர்ஸம்மாவைத் தவிர யாரையும் பாத்ததே இல்லை. மத்த வீடெல்லாம் பூட்டிக் கிடக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். நீங்க புதுசா குடிவந்திருக்கீங்களா?"

கண்ணாடிக்காரர் மூச்சு வாங்கினார்.

"ஆமாங்க" என்றார். "இன்னைக்குத்தான்."